கம்பளிப்பூச்சி ஃபிளையில் ப்ளூகில், பாஸ், கெண்டை: முழுமையான வழிகாட்டி

கரையோர மரங்களில் புழு ஏறும் பருவத்தில், வெதுவெதுப்பான நீரில் வாழும் ப்ளூகில், பாஸ் (இரண்டும் வட அமெரிக்க நன்னீர் மீன்கள்), கெண்டை எல்லாம் அந்த மரங்களின் நிழலை விட்டு அதிகம் நகராது. மேலிருந்து விழும் புழு அவற்றுக்குத் துரத்தாமலே கிடைக்கும் இரை. அந்தப் புழுவைப் போலவே ஒரு ஃபிளை (தூண்டில் முள்ளில் நூல், இறகு சுற்றிச் செய்யும் போலி இரை) கட்டி, புழு விழுவது போலவே விழ வைப்பதுதான் இங்கே வேலை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் சறுக்குகிறார்கள். முதலில் ஃபிளையைக் கட்டிவிட்டு அப்புறம் மரத்தைத் தேடுகிறார்கள். நன்றாக வீசிவிட்டு உடனே இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஃபிளை ராடால் (ஃபிளை வீசும் தூண்டில் கோலால்) பத்து மீட்டர் தூரம் ஓரளவு நேராக வீச வரும் என்ற அளவில் எழுதுகிறேன். வீசவே தெரியாதென்றால் அதைத் திறந்த புல்வெளியில் பழகிவிட்டு வாருங்கள். மரத்தடி அதற்கான இடம் இல்லை.

1. முதலில் மரத்தைப் பாருங்கள்

தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் இலைகளைப் பாருங்கள். ஓரம் கடிக்கப்பட்ட இலை, சல்லடையாக ஓட்டை விழுந்த இலை, நடு நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, இவைதான் அடையாளம். மரத்தடியில் மிளகை விடச் சிறிய கறுப்பு உருண்டைகள் கிடந்தால் அது புழுவின் எச்சம். அது புதிதாக, ஈரமாக இருந்தால் புழு இப்போதும் மேலே இருக்கிறது. காய்ந்து பொடியாகியிருந்தால் பருவம் முடிந்திருக்கலாம்.

கிளைகளிலிருந்து மெல்லிய பட்டு நூல்கள் தொங்குகின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். காவடிப்புழுக்கள் (உடலை வளைத்து வளைத்து நகரும் சின்னப் புழுக்கள்) பயந்தால் நூலில் இறங்கித் தொங்கும். காற்று வீசும்போது அவை தண்ணீரில் விழும். காற்று அசைக்கும் பிற்பகலும், ஒரு மழை பெய்து ஓய்ந்த உடனான நேரமும் நல்ல நேரங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா மரமும் ஒன்றல்ல. பல புழுக்கள் ஒன்றிரண்டு வகை மரங்களை மட்டுமே தின்னும். வட அமெரிக்காவில் கட்டால்பா மரத்தின் புழு இதற்கு நல்ல உதாரணம்: ஏழு சென்டிமீட்டர் வரை வளரும் அந்தப் பருத்த புழு கட்டால்பா இலையை மட்டும்தான் தின்னும். தண்ணீர் மேல் சாய்ந்த அப்படி ஒரு மரம் இருந்தால், சுற்றியிருக்கும் மற்ற மரங்களை எல்லாம் விட்டுவிட்டு அதன் கீழேயே நாளைச் செலவிடலாம்.

மரம் கிடைத்ததும் ஒரு புழுவை எடுத்து அளந்து பாருங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். ரோமமுள்ள பல புழுக்கள் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். சாமணத்தால் எடுத்து வெள்ளை மூடி ஒன்றில் வைத்து நீளம், தடிமன், வயிற்றின் நிறம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகின் நிறம் முக்கியமில்லை. மீன் கீழிருந்து பார்ப்பதால் அதன் கண்ணுக்குப் படுவது வயிறும் நிழலுருவமும்தான்.

2. கையில் இருக்க வேண்டியவை

ப்ளூகிலுக்கு 3 அல்லது 4 எண் ராடு போதும் (எண் கூடினால் ராடு வலுவானது). பாஸும் கெண்டையும் வரும் இடமென்றால் 5 அல்லது 6. நீளம் எட்டடி சுற்றி இருப்பது நல்லது. ஒன்பதடி ராடு திறந்த வெளியில் வசதியானது. ஆனால் கிளைகளுக்கு அடியில் அந்த கூடுதல் ஒரு அடி எங்கேயாவது இடித்துக்கொண்டே இருக்கும்.

லைன் (ராடால் வீசும் தடித்த நூல்) மிதக்கும் வகையாகவே இருக்கட்டும். இந்த முறையில் கடியைக் காட்டுவது லைனின் நுனிதான். அது மூழ்கிவிட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

இவற்றோடு, முள்ளைக் கழற்ற நீண்ட மூக்குள்ள இடுக்கி, நூல் வெட்டி, தொப்பி, கண்ணாடி. கண்ணாடி, தண்ணீரின் கண்கூசும் ஒளியைக் குறைக்கும் போலரைஸ்டு வகையாக இருந்தால் நிழலில் நிற்கும் மீனையும் பார்க்கலாம். மீன் பார்ப்பதில் ஆர்வம் இல்லாதவர்களும் கண்ணாடியைக் கட்டாயம் போடுங்கள். கிளையில் மாட்டிய முள்ளை இழுத்து விடும்போது அது நேராக முகத்துக்குத்தான் வரும். அந்த நீர்நிலையில் மீன்பிடி அனுமதிச் சீட்டு தேவையா, எந்தெந்த மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

3. முள்ளின் அளவை வாயைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புழு ஏழு சென்டிமீட்டர் இருக்கிறது என்பதற்காக அதே நீளத்தில் ஃபிளை கட்டினால் ப்ளூகில் அதைக் கொத்திக்கொண்டே இருக்கும், மாட்டாது. அதன் வாய் சிறியது. ப்ளூகிலுக்கு 10 அல்லது 12 எண் முள், தண்டு நீளமான வகை. பாஸுக்கு 6 அல்லது 8. எண் கூடினால் முள் சிறியது.

நீளத் தண்டு ஏன் என்றால், ஒன்று, புழுவின் உருவம் அதில் சரியாக அமையும். இரண்டு, ப்ளூகில் ஃபிளையை ஆழமாக விழுங்கும் பழக்கம் உள்ளது. தண்டு நீளமாக இருந்தால் அதன் முனை வாய்க்கு வெளியே தெரியும், இடுக்கியால் பிடித்து மீனுக்கு அதிகம் காயம் ஆகாமல் கழற்றலாம்.

4. முதல் ஃபிளை: மூழ்கும் கம்பளிப்பூச்சி

ஒரே ஒரு ஃபிளைதான் கட்ட நேரம் இருக்கிறது என்றால் இதைக் கட்டுங்கள். தேவையானவை: 10 எண் நீளத் தண்டு முள், 6/0 தடிமனுள்ள கட்டும் நூல், மெல்லிய செம்புக் கம்பி, சேவலின் கழுத்து இறகு ஒன்று, புழுவின் வயிற்று நிறத்தில் நடுத்தரத் தடிமனுள்ள செனில் நூல் (பஞ்சு போல் மென்மையான தடித்த நூல்).

முள்ளை வைஸில் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் கருவி) பொருத்தும் முன்பே அதன் எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் திரும்பியிருக்கும் சின்ன முள்) இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். நசுக்கும்போது சில முட்கள் உடைந்துபோகும். கட்டி முடித்த பிறகு உடைந்தால் உழைப்பு முழுக்க வீண்.

முள்ளின் கண்ணுக்கு (நூல் கோக்கும் ஓட்டை) பின்னாலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வெறும் இரும்பில் கட்டிய எதுவும் வழுக்கிச் சுழலும். இந்த நூல் அடுக்குதான் பிடிமானம்.

அங்கே மூன்று பொருட்களை இந்த வரிசையில் கட்டுங்கள்: முதலில் கம்பி, அடுத்து இறகு, கடைசியாக செனில். இறகை அதன் நுனிப் பக்கமாகக் கட்டுங்கள். அப்போது வால் பக்கம் குட்டை ரோமமும் தலைப் பக்கம் நீண்ட ரோமமும் வரும். செனிலைக் கட்டும் இடத்தில் அதன் மேல் பஞ்சை நகத்தால் உரித்துவிட்டு உள்நூலை மட்டும் கட்டினால் அங்கே முடிச்சு போல் புடைக்காது.

இனி நூலைக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். பிறகு கட்டிய வரிசைக்குத் தலைகீழாகச் சுற்ற வேண்டும். கடைசியாகக் கட்டிய செனிலை முதலில் சுற்றி, கண்ணுக்கு முன் ஒரு கண் அகலம் இடம் விட்டு நிறுத்துங்கள். அடுத்து இறகை ஐந்தாறு சுற்றுகளாக இடைவெளி விட்டு முன்னே கொண்டுவந்து கட்டுங்கள். கடைசியில் கம்பியை எதிர்த்திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசை என்பதை மறக்க வேண்டாம். அப்போதுதான் கம்பி இறகின் தண்டைக் குறுக்கே தாண்டி ஒவ்வொரு சுற்றிலும் அதை அழுத்திப் பிடிக்கும். ஒரே திசையில் சுற்றினால் கம்பி இறகின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், இரண்டாவது மீனின் பல் பட்டதும் இறகு அவிழ்ந்துவிடும்.

தலையை நூலால் மூடி, முடிச்சிட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் வையுங்கள். கண் ஓட்டை அடைத்துக்கொள்ளாமல் ஊசியால் குத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, ஏரிக்கரையில் நூல் நுழையாமல் திண்டாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கடைசியாகக் கத்தரி. ரோமத்தை முள் இடைவெளியின் (தண்டுக்கும் முள்முனைக்கும் நடுவிலுள்ள இடம்) பாதி உயரம் இருக்கும்படி வெட்டுங்கள். நீளமான ரோமம் ஃபிளையைத் தாங்கிப் பிடித்து மூழ்க விடாது. முழுக்க வெட்டிவிட்டாலும் தவறுதான். குட்டை ரோமங்கள் தண்ணீரில் லேசாக நடுங்குவதே இந்த ஃபிளைக்கு உயிர் கொடுக்கிறது.

காவடிப்புழு போன்ற வழவழப்பான சின்னப் புழுவுக்கு இறகே வேண்டாம். 12 எண் முள்ளில் மெல்லிய பச்சைச் செனிலை நீளவாக்கில் வைத்து நூலால் கணுக்கணுவாகக் கட்டுங்கள். வெட்டிய முனைகளைச் சுடருக்கு அருகே ஒரு கணம் காட்டினால் அவை கூம்பிக்கொள்ளும், பிரியாது. சுடருக்குள் விட்டால் உருகிக் கறுப்புக் கட்டியாகிவிடும். வால் முனை முள்ளைத் தாண்டி அரை சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டாம். நீண்டால் மீன் வாலை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போய்விடும்.

5. இரண்டாவது ஃபிளை: மிதக்கும் ஃபோம் புழு

2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் தாளிலிருந்து 4 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்று வெட்டுங்கள். முள்ளில் நூல் சுற்றி, அதன் மேல் பசை ஒரு சொட்டு விட்டு, பட்டையின் ஒரு முனையை வளைவின் அருகே கட்டுங்கள். பட்டையைத் தூக்கிப் பிடித்து, நூலைத் தண்டில் மட்டும் 4 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, பட்டையைப் படிய வைத்து இரண்டு சுற்று போடுங்கள். இப்படியே தலை வரை போனால் புழுவின் கணுக்கள் தானாக அமையும்.

பசை இல்லாவிட்டால் ஃபோம் தண்டைச் சுற்றித் திரும்பி முள்முனையின் பக்கம் வந்துவிடும். நூலை மிக இறுக்கினால் அது ஃபோமை அறுக்கும், அதனால் சற்றுத் தடித்த நூலாக எடுங்கள். ஃபோம் முழுவதும் தண்டின் மேல் பக்கமே உட்கார வேண்டும். முள்முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபோம் அடைத்தால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. “நிறைய கடி, ஒன்றும் மாட்டவில்லை” என்று சொல்பவர்களின் ஃபிளையை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதுகில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் துணுக்கு ஒன்று கட்டிவிடுங்கள். அது உங்கள் கண்ணுக்காக. நிழலில் பச்சைப் புழு மிதப்பது யாருக்கும் தெரியாது.

6. லீடர், டிப்பெட், முடிச்சு

மரத்தடியில் ஏழரை அடி லீடர் (லைனின் முனையில் கட்டும் மெல்லிய நூல்) போதும். பருமனான ஃபிளையை நீண்ட லீடர் சரியாகப் புரட்டாது, ஃபிளை பின்தங்கிக் குவியலாக விழும். திறந்த தெளிந்த நீரில் ஒன்பதடிக்குப் போகலாம்.

ப்ளூகிலுக்கு 4X டிப்பெட் (லீடரின் கடைசியில் ஃபிளை கட்டும் நூல்), பாஸும் விழுந்த மரக்கட்டைகளும் இருக்கும் இடத்தில் 2X. எண் கூடினால் நூல் மெலியும். 11லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நூலின் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று கிடைக்கும்: 4X என்றால் 0.007 அங்குலம். இங்கே மிக மெல்லிய நூலுக்குப் போக வேண்டிய தேவை கிடையாது. அது கிளையில் மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிளையைப் பறித்துக்கொள்ளும்.

மூழ்கும் ஃபிளைக்கு இறுகாத வளைய முடிச்சு போடுங்கள். ஃபிளை நூலின் விறைப்புக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் தொங்கி மூழ்கும். ஃபோம் ஃபிளைக்கு வழக்கமான கிளின்ச் முடிச்சு (நூலை அதன் மேலேயே சில சுற்று சுற்றி இறுக்குவது) போதும். எதுவானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் உரசலில் சூடேறி அந்த இடத்திலேயே பலவீனமாகும்.

7. எங்கே நிற்பது, எப்படி வீசுவது

நேராக மரத்தடிக்குப் போய் நிற்காதீர்கள். கரையில் உங்கள் காலடி அதிர்வு உங்களுக்கு முன்பே மீனிடம் போய்விடும். நிழலின் ஓரத்திலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, சற்றுக் குனிந்து நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். விழுந்த புழுக்கள் அந்தப் பக்கம் மிதந்து போகும், மீன்களும் நிழலின் அந்த ஓரத்தில்தான் கூடும்.

முதல் வீச்சு நிழலின் வெளி ஓரத்துக்கு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. எடுத்தவுடன் அடிமரத்தைக் குறிவைத்தால் லைன் வெளி ஓரத்து மீன்களின் தலைமேல் விழுந்து அவற்றைக் கலைக்கும், அவை ஓடும்போது உள்ளே இருப்பவையும் சேர்ந்து ஓடும்.

கிளைகளுக்கு அடியில் நுழைய ராடை நீர்மட்டத்துக்கு இணையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் வீசுங்கள். லைனின் வளையம் கிளைக்குக் கீழேயே பயணிக்கும். குறி தண்ணீரின் மேற்பரப்பிலேயே இருக்க வேண்டும், அதற்கு மேலே காற்றில் அல்ல. ஃபிளை “பொத்” என்று விழட்டும். மென்மையாக இறக்கப் பழகியவர்களுக்கு இது தவறாகப் படும். ஆனால் மரத்திலிருந்து விழும் பருத்த புழு சத்தத்தோடுதான் விழுகிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ப்ளூகில் திரும்புகிறது. சத்தம் ஃபிளையுடையதாக மட்டும் இருக்க வேண்டும், லைன் அறைந்து விழக் கூடாது.

பின்னால் புதர் இருந்து ராடைப் பின்னிழுக்கவே இடமில்லை என்றால் வில் வீச்சு. ராடு நீளத்துக்கு லைனை வெளியே விட்டு, ஃபிளையை அதன் வளைவில் இரண்டு விரலால் பிடித்து, முள்முனை விரலுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்து, ராடு வளையும் வரை பின்னால் இழுத்து விடுங்கள். தூரம் குறைவுதான். ஆனால் கிளைகளுக்கு நடுவே ஒரு சின்ன சந்துக்குள் ஃபிளையைச் செலுத்த இதைவிடத் துல்லியமான வழி எனக்குத் தெரியாது.

மூழ்கும் ஃபிளையை முதல் முறை வீசும் முன் தண்ணீருக்குள் வைத்து விரலால் பிழியுங்கள். செனிலுக்குள் இருக்கும் காற்று வெளியேறாவிட்டால் அது மிதக்கும்.

8. விழுந்த பிறகு: கையை அசைக்காதீர்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் மீனை இழப்பதும் இங்கேதான். தண்ணீரில் விழுந்த புழு சிறுமீனைப் போல் நீந்தாது. லேசாக நெளியும், மெதுவாக மூழ்கும், அவ்வளவுதான். ஃபிளையை இழுக்க ஆரம்பித்த நொடியில் அது புழுவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

ஃபோம் புழு என்றால் அது விழுந்து எழுப்பிய நீர் வளையங்கள் முழுக்க அடங்கும் வரை விடுங்கள். அந்த நேரத்துக்குள் ப்ளூகில் கீழே வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடங்கிய பிறகு ஃபிளை இடம் மாறாமல் நடுங்கும் அளவுக்கு ஒரே ஒரு சிறு அசைவு. மறுபடி அமைதி. பல கடிகள் அந்த அசைவுக்கு அடுத்த கணத்தில் வரும்.

மூழ்கும் புழு என்றால் ராடின் நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்தி, தளர்ந்த லைனை மட்டும் சுருட்டிக்கொள்ளுங்கள். நுனி உயரத்தில் இருந்தால் லைன் தொங்கும், கடி அந்தத் தொங்கலில் கரைந்துபோகும். மூழ்கும்போது மனதுக்குள் எண்ணுங்கள். எந்த எண்ணில் கடி வந்ததோ அந்த ஆழத்தில்தான் மீன் நிற்கிறது. அடுத்த வீச்சில் அந்த எண் நெருங்கும்போது விழிப்பாக இருக்கலாம்.

சும்மா இருப்பது கடினமாகத் தோன்றினால், ஃபிளை விழுந்ததும் லைனைப் பிடிக்கும் கையைத் தொடையில் வைத்துவிடுங்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

9. கடி, அதற்குப் பதில்

ப்ளூகில் இரையை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உடனே துப்பும். மூழ்கும் ஃபிளையில் இது இழுப்பாகத் தெரியாது. லைன் நுனி ஒரு துடிப்பு துடிக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது மூழ்குவது இடையில் நின்றுவிடும். மூன்றில் எதைக் கண்டாலும் யோசிக்காமல் இழுங்கள்.

ராடைத் தூக்கி இழுக்காதீர்கள். நுனியைத் தாழ்வாகவே வைத்து, லைனைக் கையால் ஒரு சாண் வேகமாக இழுங்கள். முள் ஏறினால் சரி. ஏறாவிட்டாலும் ஃபிளை தண்ணீரிலேயே இருக்கும், மீனுக்கு இன்னொரு வாய்ப்பு. ராடைத் தூக்கியவரின் ஃபிளை நேராகத் தலைக்கு மேலுள்ள கிளைக்குப் போகும்.

கெண்டைக்கு மட்டும் இது பொருந்தாது. அது மேற்பரப்பில் மிதப்பதை மெதுவாக உறிஞ்சும். வாய் ஃபிளையை மூடி, தலை கீழே திரும்பும் வரை பொறுங்கள். வாயைத் திறந்தவுடன் இழுத்தால் ஃபிளை வெறுமனே வெளியே வரும். புல் கெண்டை இன்னும் கூச்ச சுபாவம் உள்ளது. அது போகும் பாதைக்கு முன்னால், தள்ளி ஃபிளையை விழ வைத்துக் காத்திருங்கள். அதன் தலைக்கு அருகே “பொத்” என்றால் அன்றைக்கு அந்த மீனை மறந்துவிடலாம்.

கெளுத்தியும் மரத்தடிக்கு வரும். ஆனால் அது மணத்தையும் சுவையையும் நம்பி இரை தேடும் மீன். ஃபிளைக்கு எப்போதாவது மாட்டும், அதற்காகவே திட்டமிட வேண்டாம்.

10. மாட்டிய மீனை வெளியே கொண்டுவருதல்

மாட்டியவுடன் பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்து நிழலுக்கு வெளியே, உங்கள் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளேயே விளையாட விட்டால் நூல் கட்டைகளில் சுற்றும், மற்ற மீன்களும் கலையும்.

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்புப் பூச்சை உரித்துவிடும், அதன் பிறகு நோய் எளிதில் தொற்றும். ப்ளூகிலைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகக் கையை நழுவவிட்டு, முதுகுத் துடுப்பு முட்களைப் படியவைத்துப் பிடியுங்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாகக் கூர்மையான முட்கள் உண்டு, கவனம்.

நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அப்போது தடித்த டிப்பெட் போட்டுச் சீக்கிரம் கரை சேர்த்து, மீனை நீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

11. கடி இல்லையென்றால் எதை முதலில் மாற்றுவது

நிறத்தை முதலில் மாற்றாதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் ஆழம். ஃபோமிலிருந்து மூழ்கும் ஃபிளைக்கு மாறுங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் ஆழமாக எண்ணுங்கள். உச்சி வெயிலில் மீன் ஓரிரு அடி கீழே இறங்கி நிற்கும், மேலே வர மறுக்கும். கிளைகள் உயரமாக இருக்கும் இடத்தில், ஃபோம் புழுவின் முள் வளைவில் ஓரடி டிப்பெட் கட்டி அதன் முனையில் மூழ்கும் புழுவைத் தொங்கவிட்டால் இரண்டு ஆழத்தையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் இதை முயற்சிக்காதீர்கள், சிக்கல் பிரிப்பதிலேயே நேரம் போகும்.

அடுத்தது அளவு. கொத்துகிறது, மாட்டவில்லை என்றால் ஒரு எண் சிறிய முள். அப்படியும் இல்லையென்றால் அடுத்த மரம். ஒரு மரத்தடியில் நிழலின் ஓரம் முதல் அடிமரம் வரை நிதானமாக வீசி முடித்தும் ஒரு கடிகூட இல்லையென்றால், அங்கே மீன் இல்லை அல்லது ஏற்கெனவே கலைந்துவிட்டது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, இலை அரிக்கப்பட்ட வேறொரு மரத்துக்குப் போங்கள். திரும்பி வரும்போது மறுபடி வெளி ஓரத்திலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த மரத்துக்கு நடக்கும்போது டிப்பெட்டின் கடைசி ஓரடியை விரல்களுக்கு இடையே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சிடுங்கள். முள்முனையை நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கினால் அது மழுங்கிவிட்டது, தீட்ட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.